அண்ணனின் பெட்டி மட்டும் பேசியது

அந்த மென்பொருளுக்கு விளம்பரத்தில் ஒரு பகட்டான பெயர் உண்டு. அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பாட்டுப் பதிகிறவர், வசனம் வெட்டி ஒட்டுகிறவர், விளம்பரத்துக்கு மெட்டுப் போடுகிறவர் எல்லாருக்கும் இருபத்தொரு வருடமாக அது வெறும் "பெட்டி". பெட்டி மக்கர் பண்ணுது, பெட்டி தூங்கிடுச்சு, பெட்டி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம் என்று வீட்டு மனிதரைப் பேசுகிற மாதிரியே அதையும் பேசுவார்கள்.

தங்கை அந்தப் பெட்டியைச் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக நிரல் எழுதுகிறாள். அண்ணன் பதினெட்டு வருடமாக அந்தப் பெட்டியை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறான். தொடர் நாடகங்களுக்கு ஒலி சேர்ப்பது அவன் தொழில். கதவுச் சத்தம், மழைச் சத்தம், அழுகைக்குக் கீழே மெல்ல ஓடும் வயலின் என்று எது எவ்வளவு கேட்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் கேட்கும்படி அமைத்துக் கொடுப்பான். ஸ்டூடியோக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் "காது". அண்ணனுக்குக் கண் தெரியாது. ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது பார்வையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தங்கை பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. நடக்கத் தெரிந்த நாள் முதல் அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே திரிந்ததால் அவளுக்கு "வாலு" என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பார்க்கிறவர்கள், பாவம், இந்தச் சின்னப் பெண்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைப்பார்கள். உண்மையில் வழி அவனுக்குத்தான் தெரியும்.

கண் தெரியாதவர் கணினியில் எப்படி வேலை செய்வார் என்று கேட்காத ஆள் கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல ஒரு குரல் இருக்கிறது. விசையைத் தட்டத் தட்ட, இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம், அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, அளவு எத்தனை என்று சொல்லிக்கொண்டே வரும். மற்றவர் காதுக்கு வெறும் சலசலப்பாகக் கேட்கும் வேகத்தில் அண்ணன் அதை ஓடவிடுவான். "இந்த வீட்டுல என்னைவிட அதிகமா பேசற ஒரே ஆள் அதுதான்" என்பாள் அண்ணி. அண்ணி தையல்காரி. கையில் இருக்கும் ஊசி வாயிலும் உண்டு.

கோளாறு ஆரம்பித்தது பெட்டியின் உள்ளே. இருபத்தொரு வருடம் பல பேர் கை பட்ட நிரல் அது. ஓரிடத்தில் அடைத்தால் வேறிடத்தில் ஒழுகும். "இதைத் தொடாதே, ஏன் என்று எனக்கும் தெரியாது" என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதிவைத்துவிட்டு எவரோ வேலையை விட்டுப் போயிருந்தார். கடைசியில் கம்பெனி துணிந்தது. ஒரு வரி மிச்சம் வைக்காமல் முதலிலிருந்து எழுதுவது, அதை நான்காம் பதிப்பு என்று வெளியிடுவது. மூன்று வருட வேலை. அதில் திரையில் தெரிகிற பகுதி முழுக்கத் தங்கையின் பொறுப்பு.

பழைய பெட்டியின் பொத்தான்கள் கணினியே கொடுத்த பொத்தான்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. படிக்கும் குரல் கேட்டால் பெயரைச் சொல்லிவிடும். புதுப் பெட்டியிலோ எல்லாமே வரைந்த படம். கண்ணுள்ளவருக்கு அது வழவழவென்று ஓடும் அழகான பொத்தான். குரலுக்கு அது வெறும் சுவர். குரல் பேச வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து பெயர் வைக்க வேண்டும், அதன் நிலை மாறும்போதெல்லாம் சொல்லியனுப்ப வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் பொத்தான்கள். இரண்டு பேருக்கு நாலு மாத வேலை என்று தாளில் எழுதிக்கொண்டு தங்கை கூட்டத்துக்குப் போனாள்.

மேலாளருக்கு அலுவலகத்தில் "அடுத்த ரிலீஸ்" என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. யாருடைய பிறந்த நாளையும் மறக்க மாட்டார். ஆனால் கழிவறைக் குழாய் சொட்டுகிறது என்று போய் நின்றாலும் "அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

"இந்த மாதிரி எத்தனை பேர் உபயோகிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"நம்ம கணக்குல இருநூத்திப் பன்னெண்டு பேர் சார். கணக்குல வராதவங்களும் இருப்பாங்க."

"மொத்தம் மூணு லட்சம் பேர்ல."

"ஆமா சார்."

"வேணாம்னு சொல்லலம்மா. அடுத்த ரிலீஸ்ல கண்டிப்பா பண்ணிடலாம். என்ன சொல்றீங்க?"

மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். ஒன்பது பேரும் அவளையே பார்த்தார்கள். என் அண்ணன் அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவன் என்று அவள் சொல்லியிருக்கலாம். வீட்டு விஷயத்தை அலுவலகத்துக்கு இழுத்துவருகிறாள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். அந்த வருடம் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது, அதை மறைப்பானேன். அவள் தலையாட்டினாள். குறிப்பெடுக்கிறவர் "அனைவரும் ஒப்புதல்" என்று எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

வீட்டுக்குப் போனால் மனசு கேட்கவில்லை. அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வழிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாலாயிரம் பொத்தானுக்கும் பெயர் வைக்க ஒருத்தியால் ஆகாது. அண்ணன் தொடுகிற பொத்தான்களுக்கு மட்டும் ஆகும். அவன் விரல் எங்கிருந்து எங்கே போகும் என்று அவளுக்கு மனப்பாடம். எண்ணிப் பார்த்தாள், முந்நூற்று நாற்பது. விடுமுறை நாட்களில் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த முந்நூற்று நாற்பதுக்கும் பெயர் வைத்தாள். அதைத் தனி நகலாக வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் வீட்டுக்குப் போய் அவன் கணினியில் ஏற்றிவிட்டு வந்தாள்.

இந்த மாதிரித் தனி நகல்களின் பதிப்பு எண்ணோடு "சோதனை" என்ற சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். குரல் அதைப் படித்துவிடும். அண்ணன், அது என்ன சோதனை என்று கேட்பான். தங்கை அந்தச் சொல்லை அழித்துவிட்டு வெறும் நான்கு என்று வைத்தாள். அழிக்கும்போது கை கொஞ்சம் நின்றது. நின்றுவிட்டு அழித்தது.

அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், அவள் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டர் இரக்கப்பட்டு டிக்கெட் வேண்டாம் என்று சொன்னால், சில்லறையை சீட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிப்போகிறவன். "எனக்கு மட்டும்னா வேணாம்" என்பது அவன் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அதோடு, இது தனி நகல் என்று சொன்னால் பொது நகல் ஏன் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் தலையாட்டியதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எப்படியாவது பொது நகலில் சேர்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அலுவலகம் முழுக்க அந்த மேலாளரைக் கேலி பண்ணுகிறது. அவளே அவராக ஆகிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

விளையாட்டாக இன்னொன்றும் செய்தாள். அளவுப் பொத்தான்கள் வரிசையாக நிற்கும் பக்கத்தில், கடைசி ஓரத்தைத் தாண்டி ஒரு தட்டுத் தட்டினால், ஒன்றுக்கும் உதவாத ஒரு மூலை. அந்த மூலைக்கு "வாலு இங்கே இருக்கா" என்று பெயர் வைத்தாள். இரண்டாவது வாரமே அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

"உங்க கம்பெனில இதுக்கெல்லாம் விடறாங்களா?"

"யாருக்கும் தெரியாதுண்ணா."

"பதினெட்டு வருஷமா இதைத் தட்டறேன். இன்னிக்குத்தான் நம்ம வீட்டு ஆள் உள்ளே இருக்கிற மாதிரி இருக்கு" என்றான் அண்ணன். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தவும் செய்தது.

வெளியீட்டுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை. அண்ணி போட்டுக் கொடுத்த டீ டம்ளரோடு தங்கை அண்ணன் அறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே அண்ணன் போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தான். கண் தெரியாமல் ஒலித் தொழில் செய்கிறவர்கள் நூற்றுநாற்பது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எழுதுவது குறைவு, எல்லாம் குரல்தான். எந்த ஊரில் எந்தக் கருவி கெட்டாலும் முதலில் கேட்பது காதைத்தான்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதனால சொல்றேன்" என்றான் அண்ணன் போனிடம். "புதுப் பெட்டியை நான் மூணு மாசமா ஓட்டறேன். நாடகம் மொத்தமும் இதுலதான் போயிட்டிருக்கு. எல்லாப் பொத்தானும் பேசுது. பழசைக் கட்டிக்கிட்டு அழாதீங்க. வர்ற அன்னிக்கே மாறிடுங்க, ஏதாவது ஆனா நான் பொறுப்பு. ஒரு வேடிக்கையும் இருக்கு. அளவு வரிசைல கடைசி ஓரத்தைத் தாண்டி ஒரு தட்டு தட்டிப் பாருங்க. என் தங்கச்சி பேரு கேட்கும்."

அங்கேயே, அந்த நிமிஷமே, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டே வாக்கியம். அழித்துவிட்டு மறுபடி பேசியிருப்பான். அவளோ டீ ஆறும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், "வேற ஏதாவது பார்க்கணுமாண்ணா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேலாளரிடம் போனாள். தான் தனியாகச் செய்து வைத்திருப்பதைக் காட்டி, இதைப் பொது நகலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார்.

"சொந்த நேரத்துல பண்ணீங்களா? பெரிய விஷயம்மா. ஆனா இப்ப எல்லாத்தையும் மூடியாச்சு. பெட்டி நடுவுல நின்னு போற கோளாறு இருந்தா மட்டும்தான் கை வைக்கலாம்னு முடிவு. அதுவும் நாலாயிரத்துல முந்நூத்தி நாப்பதுங்கறீங்க. பாதி பேசி பாதி பேசலைன்னா அதுவும் திட்டுதான் வாங்கும்."

"சார், அவங்க எல்லாரும் முதல் நாளே மாறப்போறாங்க."

"அறிவிப்புல ஒரு வரி போட்டுடலாம். அடுத்த ரிலீஸ்ல முழுசா பண்ணலாம்."

அறிவிப்பில் ஒரு வரி போட்டார்கள். ஒன்பதாவது பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு படத்துக்கு உள்ளே. படத்துக்கு உள்ளே இருக்கிற எழுத்தைப் படிக்கும் குரலால் படிக்க முடியாது. எவரும் வேண்டுமென்று செய்யவில்லை, எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மிச்சமிருந்த ஞாயிறுகளில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் பையில் போட்டுக்கொண்டு போவாள், அப்படியே திரும்பக் கொண்டுவருவாள்.

வெளியீட்டு நாளன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மூன்று வருட உழைப்பு, சும்மா சொல்லக் கூடாது, பெட்டி பறந்தது. முன்பு இருபது நிமிடம் ஆனது மூன்று நிமிடத்தில் முடிந்தது. பாராட்டு மலைபோல் குவிந்தது. பழைய பெட்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாதம் ஒருமுறை கம்பெனியைக் கேட்டு அனுமதி வாங்கித்தான் அது திறக்கும். அந்த அனுமதி இனி முப்பது நாள்தான். புதுப் பெட்டியில் ஒருமுறை திறந்த வேலையை மறுபடி பழையதில் திறக்கவும் முடியாது.

இரண்டாம் நாள் காலை, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் அறைக்குத் தங்கை தானாகவே போனாள். அங்கே இருந்த பெண் ஒரு அழைப்பை வெளியே கேட்கும்படி போட்டாள். பேசியது ஒரு இசை டீச்சர். கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளி.

"எங்கிட்ட பதினாலு பிள்ளைங்க படிக்கிறாங்க. முந்தாநாள் வரைக்கும் பெட்டி பேசிச்சு. இப்போ எதைத் தட்டினாலும் ஒரு சத்தம் இல்ல. எங்க காது அவர்கள் மூணு மாசமா உபயோகிக்கிறார். நல்லா பேசுதுன்னு அவரே சொன்னார். அதனால தப்பு எங்க பக்கம்தான் இருக்கணும். என்ன தப்பு பண்ணோம்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

"மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்" என்றாள் அழைப்பு எடுக்கிற பெண். அப்படித்தான் சொல்லச் சொல்லி அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அஞ்சு தடவை பண்ணிட்டேம்மா. இன்னொரு தடவை பண்றேன்" என்றார் டீச்சர்.

தங்கை வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். இரண்டு நாளாக அவன் போன் ஓயவே இல்லை, அவளுக்கு லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அண்ணிதான் அவளைக் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் ரேடியோ வீட்டுக்குப் போயிட்டு வந்தாரு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். வந்ததுலேர்ந்து நாற்காலியை விட்டு எழுந்திரிக்கல. நீ வா."

ரேடியோ என்பது அந்தக் குழுவில் மூத்த ஒருவரின் பெயர். வானொலி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக விளம்பரங்களை வெட்டிக் கோத்துக் கொடுக்கிறவர். என்ன நடந்தது என்பதை அண்ணி வழியிலேயே, பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று, தங்கையிடம் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் குழுவில் பத்துப் பேர், பெட்டி பேசவில்லை என்றார்கள். அண்ணன் பொறுமையாக ஒவ்வொரு விசையாகச் சொல்லிக் கொடுத்தான். அவன் முன்னால் அவன் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. அவன் சொன்ன அதே விசையை அவர்கள் தட்டினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் தட்டுகிறவர்கள் தப்பாகத் தட்டுகிறார்கள். ரேடியோ நாலாவது தடவை கூப்பிட்டபோது அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "பத்தொன்பது வருஷம் தட்டின விரல்தானே, அதுக்குள்ள மறந்துபோச்சா? வயசாயிடுச்சுன்னா ஒத்துக்குங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி குழுவிலேயே சொல்லிவிட்டான். அன்று மதியம் விளம்பரம் தயாராகாமல் வானொலியில் நாலு நிமிடம் ஒன்றுமே வரவில்லை. மறுநாள் ரேடியோவின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்களாம். அண்ணன் மன்னிப்புக் கேட்கவும், நேரில் சொல்லிக் கொடுக்கவும்தான் போனான்.

"அவர் மெஷின் முன்னாடி உட்கார்ந்து தட்டினாரு" என்றாள் அண்ணி. "எனக்குத் திரை தெரியுதில்ல, பொத்தான் எல்லாம் பளபளன்னு நிக்குது. ஒண்ணும் பேசல. கடைசியில அந்த ஓரத்துக்குப் போயிப் போயித் தட்டினாரு, உன் பேரு வருதான்னு. ஒரு பத்து தடவை தட்டியிருப்பாரு." சொல்லிவிட்டு அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். "அளவெடுத்து உங்க அண்ணனுக்கு மட்டும் தைச்சுக் குடுத்திருக்க. எனக்கே புரிஞ்சுபோச்சு, அவருக்குப் புரியாதா?"

அண்ணன் அறையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. குரல் பேசவில்லை, ஏனென்றால் அவன் எதையும் தட்டவில்லை. தங்கை வந்து நின்றது காலடியிலேயே அவனுக்குத் தெரிந்தது.

"பதிப்பு எண்ணைக் கேட்டேன். நாலுன்னு சொல்லுது" என்றான்.

"நான்தான் மாத்தினேன்."

"என்னோடது வேற."

"ஆமா."

"எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

தையல் மிஷின் இருக்கும் பக்கத்து அறையில் சத்தம் இல்லை, அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸ்ல இதை வேணாம்னு முடிவு பண்ணப்போ நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலண்ணா. தலையாட்டினேன்."

"சரி" என்றான் அண்ணன். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அவள் அவசரமாகப் பேச ஆரம்பித்தாள். இந்த நகலை எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும் என்றாள். அவன் குறுக்கே கேட்டான்.

"டீச்சர் பிள்ளைங்களுக்கு ஸ்வரம் எழுதற ஜன்னல், அது இதுல பேசுமா?"

"பேசாது. நீ அதைத் தொடறதில்ல."

"ரேடியோ விளம்பரம் கோக்கற வரிசை?"

"அதுவும் இல்ல."

"எனக்கு எத்தனை மாசம் உட்கார்ந்து செஞ்ச?"

"ஏழு மாசம்."

அதற்கு மேல் அவன் அந்தக் கணக்கைப் பேசவில்லை. அவளுக்கே கணக்குத் தெரியும். ஏழு மாதம் ஒளித்துவைத்துச் செய்ததற்குப் பதில், ஏழு மாதம் வாசலில் நின்று சண்டை போட்டிருந்தால் ஏதாவது நடந்திருக்கலாம். நடக்காமலும் போயிருக்கலாம். அப்போதும் நூற்றுநாற்பது பேருக்கு மாறாதீர்கள் என்றாவது தெரிந்திருக்கும்.

"இதை எடுத்துடு" என்றான். "எல்லாருக்கும் குடுத்ததையே எனக்கும் போடு."

பக்கத்து அறையிலிருந்து அண்ணி வந்துவிட்டாள். "என்ன பேசறீங்க? அஞ்சு எபிசோடு பாக்கி இருக்கு. நீங்க கீழே விழுந்தா அவங்க எழுந்துடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு?"

"என் பேச்சைக் கேட்டுத்தான் மாறினாங்க. ரேடியோவை நான் என்ன சொன்னேன்னு நீயும் கேட்டல்ல? இதை முன்னாடி வெச்சுக்கிட்டு இனிமே அவங்ககிட்ட எதைச் சொன்னாலும் பொய்யாத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவை இது பேசறப்பவும் எனக்கு அதுதான் கேட்கும்."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அழுவது அபூர்வம். "உங்களுக்குன்னு ஒண்ணு நல்லா இருந்தா ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். தங்கை அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

நீக்குவதற்கான ஜன்னல் கணினியுடைய சொந்த ஜன்னல், ஆகவே அது பேசியது. "நிச்சயமாக நீக்க வேண்டுமா? ஆம். இல்லை." தங்கை கை வைக்காமல் இருந்தாள். அண்ணனே கையை நீட்டித் தட்டினான். அவள் பெயர் வைத்த முந்நூற்று நாற்பது பொத்தான்களும் ஒன்றரை நிமிடத்தில் போய்விட்டன, அந்த மூலையும் சேர்த்து. பிறகு, உலகத்துக்கெல்லாம் கொடுத்த பெட்டியை அவள் ஏற்றினாள். திரையில் அது பளபளவென்று திறந்துகொண்டது.

அண்ணன் விரல்களை விசைகளின் மேல் வைத்தான். தட்டினான். வழக்கமாகப் போகும் வழியிலேயே, பதினெட்டு வருடமாகப் போன வழியிலேயே, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனான். விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. சின்ன வயதில் வீட்டுக்குள் யாராவது நாற்காலியை இடம் மாற்றி வைத்துவிட்டால் அவன் சட்டென்று நின்று கையை முன்னால் நீட்டுவான். அதே மாதிரி நடுவில் ஓரிடத்தில் அவன் கை நின்றது. தங்கையால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பார்த்தாள், பார்க்கவாவது வேண்டும் என்று இருந்தது.

"போனை எடு" என்றான். "குழுல நீயே சொல்லு. நான் சொன்னா என் தங்கச்சிக்குப் பரிஞ்சு பேசற மாதிரி ஆகும். நடந்தது நடந்தபடி சொல்லணும். சொல்றியா?"

அவள் தலையாட்டினாள்.

அண்ணன் காத்திருந்தான். போனைத் தடவிப் பொத்தானைத் தேடினான். "குரல் பதிவு, பொத்தான்" என்றது போன். எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் பொத்தானுக்குப் பெயர் வைத்திருந்தார். அண்ணன் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் இருக்கும் பக்கம் நீட்டினான்.

"எனக்கு ஒண்ணும் கேட்கல வாலு" என்றான்.

நூற்றுநாற்பது பேர் கேட்கப்போகிறார்கள். டீச்சர் கேட்பார், பதினாலு பிள்ளைகள் கேட்பார்கள், வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரேடியோ கேட்பார். தங்கை போன் பக்கம் குனிந்தாள்.

"நான் காதோட தங்கச்சி பேசறேன்" என்றாள். "உங்க மெஷின்ல தப்பு இல்ல. உங்க விரல்லயும் தப்பு இல்ல."